மேட்டுக் கூடத்துக் கண்டக்டர்

மாமாவைப் பற்றி எரிச்சல் இல்லாமல் எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். இரண்டு வரி தாண்டுவதற்குள் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே எரிச்சலோடேயே எழுதிவிடுகிறேன்.

மாமா என்றால் தாய்மாமா, அம்மாவின் அண்ணன். நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சின்னவர்களுக்குக் கண்டக்டர் மாமா, பெரியவர்களுக்கு வெறும் கண்டக்டர். அத்தைக்கு மட்டும் ‘இந்த மனுஷன்’.

வேலையில் இருந்த காலத்தில் அவர் வாங்கிய மெமோக்களை அடுக்கினால் தலைக்கு வைத்துப் படுக்கலாம். எல்லாம் ஒரே குற்றத்துக்கு: வண்டி தாமதம். தூரத்தில் யாராவது ஓடிவருவது தெரிந்தால் மாமாவால் விசில் ஊத முடியாது. ஓடிவருகிறவர் பேருந்துக்குத்தான் வருகிறாரா என்றுகூடப் பார்க்கமாட்டார். ஒருமுறை, கயிற்றை அறுத்துக்கொண்டு போன மாட்டைத் துரத்தி ஓடியவருக்காக வண்டியை நிறுத்திவைத்த கதையை மாமாவின் வழியனுப்பு விழாவில் டிரைவர் ஒருவர் மேடையேறிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டு, அந்த ஆளும் கடைசியில் ஏறிக்கொண்டாரே, அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. சுற்றுச்சூழல் அறிவியல். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. தாத்தாவும் அப்பாவும் கைநாட்டு வைத்த இடத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். கல்லூரிக்கு முதல் நாள் மாமாவின் பேருந்தில்தான் போனேன். ஒவ்வொரு சீட்டாகப் போய், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கையோடு, தங்கச்சி பையன் காலேஜ் போகிறான் என்ற செய்தியையும் கொடுத்தார். பின்சீட்டில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவரையும் தட்டி எழுப்பிச் சொன்னார்.

அந்தப் பட்டம்தான் எனக்கு வட்டார மன்றத்தில் வேலை வாங்கித் தந்தது. காலநிலைத் தகவமைப்புப் பிரிவில் கள அலுவலர். வெயிலும் மழையும் முன்போல் இல்லாமல் ஆகிவிட்டன. ஊர்கள் அதற்குத் தக்கபடி தங்களை மாற்றிக்கொள்ள மன்றம் உதவ வேண்டும். அந்த உதவி ஊருக்குள் ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த உதவியின் பெயர் மேட்டுக் கூடம்.

எங்கள் தெரு ஆற்றின் வளைவில், கரையைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. முன்பெல்லாம் ஒரு பருவம் முழுக்கப் பெய்த மழை இப்போது ஒரே பிற்பகலில் கொட்டிவிட்டுப் போகிறது. ஒரு பக்கம் ஆறு ஏறும். மறுபக்கம் சாக்கடை வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் எதிர்த்து வரும். அதற்காகத்தான் மன்றம் தெருமுனையில் தூண்கள்மேல் ஒரு கூடம் கட்டியது. அகலமான படிகள், நடக்க முடியாதவர்களுக்குச் சரிவுப் பாதை, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, சூரிய விளக்கு, கழிப்பறைகள். தெருவே அதில் உட்காரலாம். இடித்துக்கொண்டுதான், ஆனால் உட்காரலாம்.

கட்டி முடித்த வருஷமே வெள்ளம் வந்தது. கூடம் பூட்டியிருந்தது. சாவி நகரத்தில், மன்ற அலுவலகச் சுவரில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு கிளம்பிய ஜீப் பாதி வழியில் தண்ணீரில் நின்றுபோனது. ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு பூட்டிய கதவுக்கு முன்னால் நனைந்துகொண்டு நின்றார்கள். பிறகு அவரவர் கூரைமேல் ஏறிக்கொண்டார்கள். மாமா கடப்பாரையோடு கதவிடம் மல்லுக்கட்டினார். மன்றம் கட்டியதிலேயே உறுதியானது அந்தக் கதவுதான். அசையவில்லை.

அன்றிலிருந்து சாவிக்காக மாமா மன்றத்து வாசலில் பழியாய்க் கிடந்தார். பெரியவரே, பேசாமல் இங்கேயே ஒரு பாயைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அலுவலக உதவியாளர் கிண்டல் செய்தார். மாமா உண்மையிலேயே பாய் கொண்டுபோனார். கடைசியில் மன்றமே அலுத்துப்போய்ச் சாவியை அவர் கையில் கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை. கூடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மழைக்கு முன்னால் பொறியாளர் வந்து பார்ப்பார். காலியாக இல்லாவிட்டால் சாவி மறுபடி நகரத்து ஆணிக்குப் போய்விடும்.

இதில் புரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது?

முதலில் இஸ்திரிக்கார அக்கா வந்தாள். அவளுடைய மேஜை போன வெள்ளத்தில் ஊறி உப்பிப் பலகை பலகையாய்ப் பிரிந்துவிட்டது. இப்போது புதிதாக ஒன்று செய்திருக்கிறாள். மழை முடியும்வரை கூடத்தில் ஒரு ஓரமாக இருக்கட்டுமே என்றாள். ஒரு மேஜைதானே என்று மாமா சரி சொன்னார். மேஜைக்கு அடியில் இடம் சும்மாதானே கிடக்கிறது என்று கொத்தனார் சிமெண்ட் மூட்டைகளைத் தள்ளினார். மூட்டைமேல் பலகை போட்டுச் சைக்கிள் கடைக்காரர் காற்றடிக்கும் மெஷினை ஏற்றினார். அப்புறம் கட்டில்கள். அப்புறம், எதற்கென்றே தெரியாமல், படம் வராத ஒரு டிவி.

நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவன் கதவைத் திறந்தேன். கதவு முழுதாகத் திறக்கவே இல்லை. இடுக்கில் தலையை விட்டுப் பார்த்தால் கூடம் குடோனாகியிருந்தது. அதிலும் ஒரு ஒழுங்கு. தெருக்கோடி வீடுகளின் சாமான் உள்சுவரோரம், முன்வீடுகளின் சாமான் வாசலோரம்.

"கடைசி ஸ்டாப்ல இறங்குறது உள்ள போயிடணும் மாப்ள. இல்லன்னா வழிய மறிச்சுக்கும்" என்று மாமா விளக்கினார். பெருமையாக விளக்கினார்.

ஆட்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டேன். மாமா கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கட்டிலைக் காட்டினார். அதில் ஆறு பேர் தாராளமாக உட்காரலாமாம்.

நான் கத்தினேன். வெள்ள வரைபடம், நீர்மட்டம், நிபந்தனை, சாவி எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். என் சத்தம் கேட்டு வந்த அத்தை என் பக்கம் சேர்ந்துகொண்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"நல்லாக் கேளு தம்பி. ஊரு சாமானுக்கெல்லாம் இடம் போட்டுக் குடுக்குறாரு. என் பாத்திரம் பண்டமெல்லாம் வீட்ல தரையில கெடக்கு. அதுல ஒண்ணுக்காவது இங்க இடம் உண்டா?"

"நீ கேக்கவே இல்லையே" என்றார் மாமா.

"ஊர்ல இருக்குறவங்கல்லாம் கேட்டா குடுத்தீங்க. கட்டிக்கிட்டவ கேட்டுத்தான் வாங்கணுமா?"

அன்று மாலைக்குள் அத்தையின் பாத்திரங்களும் கூடத்துக்கு வந்து சேர்ந்தன.

சொல்லிப் புரியவைக்க முடியாததைச் செய்து காட்டுவது என்று முடிவு செய்தேன். ஒத்திகை வைத்தேன். மன்றத்திலிருந்து சைரன் கொண்டுவந்தேன். அது ஊதியதும் எல்லாரும் உடனே மேட்டுக் கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வந்து பார்த்தால் உட்கார இடம் இருக்காது. வெட்கப்பட்டுத் தாங்களே சாமான்களை எடுத்துக்கொண்டு போவார்கள். இதுதான் என் கணக்கு.

சைரன் ஊதியது. முதலில் வந்தது என் அம்மா. தலையில் தையல் மெஷின். மூச்சு வாங்க ஏறிவந்து, மெஷினை இறக்கி வைத்துவிட்டு, விடுவிடுவென்று திரும்பிப் படியிறங்கினாள். எங்கே போகிறாய் என்றேன். அப்பா மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார், அதையும் எடுத்து வந்துவிடுகிறேன் என்றாள். அதற்குப் பிறகு தெருவே வந்தது. ஆளில்லாமல் ஒரு சாமான் வரவில்லை; சாமான் இல்லாமல் ஒரு ஆள் வரவில்லை. உள்ளே இருந்த சந்து பொந்தெல்லாம் நிரம்பி, வாசல்வரைக்கும் அடைத்துக்கொண்டது. ஜனங்கள் வெளியே வெட்டவெளியில் நின்று திருப்தியாக வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இந்தத் தடவ ஒண்ணுமே நனையாது தம்பி. நல்ல ஏற்பாடு" என்று இஸ்திரிக்கார அக்கா மனசாரப் பாராட்டினாள்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் அந்தத் தண்ணீரில் நின்றவன்தான். போன வெள்ளத்தில் ஒரு உயிர் போகவில்லை. மெஷின் போனது, மோட்டார் போனது, மேஜை போனது, அதோடு வருஷம் முழுக்கச் சாப்பாடு போனது. கால் இருக்கிறவன் கூரைமேல் ஏறிக்கொள்வான், மெஷின் ஏறுமா என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் மன்றத்தின் வரைபடத்தை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து வரும் தண்ணீருக்கு எங்கள் தெருவின் தகரக் கூரைகள் தாங்காது. இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் மாமா பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு, வாசலில் அடுத்து யார் எதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்.

பொறியாளர் மேடம் வரும் நாள் நெருங்கியது. நான் மாமாவை உட்காரவைத்துத் திட்டவட்டமாகச் சொன்னேன். சாவி போனால் அடுத்த வெள்ளத்தில் மறுபடியும் பூட்டிய கதவுதான். அன்றைக்கு நனைந்தது மறந்துபோச்சா என்று கேட்டேன். மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. எழுந்து போய் ஒவ்வொரு வீடாகக் கெஞ்சினார். மேடம் வந்து போகும்வரை மட்டும் என்று சொல்லித்தான் சாமான்களை வெளியேற்ற முடிந்தது. அது எனக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த வருஷத்துக்குச் சாவி தங்கினால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மேடம் வந்தபோது கூடம் பளிச்சென்று இருந்தது. தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். மேடம் உள்ளே ஒரு சுற்று வந்தார். குழாயைத் திறந்து பார்த்தார். விளக்கைப் போட்டு அணைத்தார். பெருமையில் எனக்குக் கழுத்து ஒரு விரற்கடை நீண்டுவிட்டது. கிளம்புகிற நேரத்தில், பேச்சுக்குக் கேட்பதுபோல மாமாவிடம் கேட்டார்:

"எப்பவும் இப்படித்தான் காலியா வச்சிருப்பீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும்.

"இல்லம்மா. நேத்து வரைக்கும் ரொம்பியிருந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் போனதும் எல்லாம் திரும்ப வந்துரும்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமான தரை. பிறகு மேடம் படியிறங்கித் தெருவுக்குள் நடந்தார். வீட்டு வாசல்களில் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். மூட்டை, மெஷின், மேஜை, அந்த டிவி. திரும்பி வந்து மாமாவிடம் கையை நீட்டினார். மாமா சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அங்கேயே, மேடத்தின் காது கேட்கக் கேட்டுவிட்டேன்.

"செக்கர் ஏறிட்டா உள்ளதச் சொல்லிடணும் மாப்ள. நாம சொல்லலன்னாலும் அவங்க எண்ணத்தான் போறாங்க" என்றார் மாமா.

எரிச்சலில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் சாவி அந்தக் கைப்பைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. மேடத்தின் ஜீப் வரைக்கும் கூடவே போனேன். படித்த படிப்பையெல்லாம் திரட்டிப் பேசினேன். கூடத்தை ஆட்களுக்கு மட்டும் என்று கட்டியது நம் தவறு. மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டால் தொழில் சாமான்கள் மேலே போகும், ஆட்கள் உள்ளே இருப்பார்கள். திட்டம் எழுதித் தருகிறேன். ஆனால் சாவி நகரத்துக்குப் போனால் போன தடவை நடந்ததுதான் நடக்கும்.

மேடம் காது கொடுத்துக் கேட்டார். கொட்டகைத் திட்டத்தை எழுதித் தரச் சொன்னார். அதைக் குழு பார்க்குமாம். குழு எப்போது கூடும் என்றேன். மழைக்காலம் முடிந்ததும் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க மன்றத்து ஆள். அதனால உங்ககிட்ட தர்றேன். இந்த மழை முடியற வரைக்கும் ஊர்லயே தங்கிக்குங்க. தண்ணி வர்ற அன்னிக்கு உள்ள சாமான் இருந்துதுன்னு தெரிஞ்சா சாவி எங்ககிட்ட வந்துரும். அப்புறம் யார் கேட்டாலும் கிடைக்காது."

அப்படித்தான், நகரத்தில் அறை எடுத்துக் கௌரவமாகத் தங்கியிருந்த பட்டதாரி, பெட்டி படுக்கையோடு அம்மா வீட்டுக்கே திரும்பினேன். தினமும் விடிந்ததும் பேருந்தைப் பிடித்து வேலைக்குப் போய் வந்தேன். சாவி சட்டைப் பையில்; சாமான் வைக்க யாருக்கும் திறந்துவிடவில்லை. தெரு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாகூடச் சோற்றைப் போட்டுவிட்டுத் தையல் மெஷினைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

மாமா மட்டும் பேசினார். விடாமல் பேசினார். பேருந்தில் லக்கேஜுக்கு ஒரு கணக்கு உண்டாம். மடியில் அடங்கினால் டிக்கெட் கிடையாது; அடங்காவிட்டால் ஆளோடு இறக்கிவிட வேண்டியதுதான். அதையே இங்கேயும் வைத்துக்கொள் என்றார்.

"நீங்க அப்படி யாரையாவது இறக்கி விட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

மாமா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "இறக்கினதில்ல. ஆனா கணக்கு இருக்கு."

கடுப்பாக இருந்தாலும் அந்தக் கணக்கைத் தட்டமுடியவில்லை. ஆள் மடியில் வைத்திருப்பது தரையில் இடம் பிடிக்காது. நான் ஒவ்வொரு வீடாகப் போனேன். எதைக் கழற்றினால் பிழைப்பு தப்பும் என்று அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். தையல் மெஷினில் தலையைக் கழற்றிவிடலாம். ஸ்டாண்டு நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். காற்றடிக்கும் மெஷினில் மோட்டார் மட்டும். இஸ்திரிக்கார அக்கா, மேஜை மடியில் வராதே என்று என்னோடு மல்லுக்கு நின்றாள். கொத்தனாரை விட்டு அவள் வீட்டு உத்தரத்தில் அதைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். நன்றி சொல்வாள் என்று நின்றேன். முடிச்சு சரியில்லை என்றாள்.

மழை ஒரு வேலை நாளில் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோதே கைபேசியில் மன்றத்தின் எச்சரிக்கை வந்தது. திரும்பி ஓடினேன். நான் கதவைத் திறக்கும்போது மாமா வாசலில் ஏறி நின்றுகொண்டார். ஒரு கை கதவின் மேல்நிலையைப் பிடித்திருந்தது. உடம்பு பாதி வெளியே. வந்தவர்களை ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்து உள்ளே அனுப்பினார். அம்மா மெஷின் தலையைக் குழந்தைபோல் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். சைக்கிள் கடைக்காரர் மடியில் மோட்டார். அத்தை மடியில் மிக்ஸி. அதன் ஜாடிகள் மாமா உட்காரப் போகிற இடத்தில். எல்லாரும் நனைந்திருந்தார்கள். ஆனால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், கூரைக்குக் கீழே. தூண்களுக்கிடையே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தெருக்கோடியில் ஒரு தகரக் கூரை மடங்கித் தண்ணீரில் போவதை ஜன்னல் வழியாக எல்லாரும் பார்த்தோம். அது யார் வீடு என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டுக்காரர்கள் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

மேடம் கைபேசியில் கூப்பிட்டார். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கமே ஜீப் நின்றுவிட்டதாம். திறந்துவிட்டீர்களா என்றார். திறந்தாயிற்று, தெருவில் அநேகமாக எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள் என்றேன்.

"சாமான்?"

பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "இருக்கு மேடம். எல்லாம் மடியில இருக்கு."

மேடம் அடுத்த கேள்விக்குப் போனார். "சாவி யார்கிட்ட?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை. அவசரத்தில் பூட்டிலேயே விட்டிருந்தேன். மாமாவின் முழங்கை அதன்மேல் இருந்தது. உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப இனிமே அது அங்கயே இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார்.

மேடம் என்ன சொன்னார் என்று மாமா கண்ணாலேயே கேட்டார். சொன்னேன். மாமா தலையை ஆட்டிவிட்டு உள்பக்கம் திரும்பி, எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், இன்னும் ஒரு குடும்பம் வந்துகொண்டிருக்கிறது என்று குரல் கொடுத்தார். கொத்தனார் குடும்பம். இடுப்பளவுத் தண்ணீரில், நானும் மாமாவும் எவ்வளவோ சொல்லியிருந்தும், தள்ளுவண்டியில் ஒரு ஸ்டீல் பீரோவைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சரிவுப் பாதையின் அடியில் வண்டி நின்றது. கொத்தனார் மேலே என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு விளையாட்டு எதுவும் இல்லை.

"மடியில வச்சுக்கறேன் தம்பி" என்றார்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டே மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஆள் இல்லை. பீரோவின் மறுமுனையைப் பிடிக்க இறங்கிப் போய்விட்டிருந்தார்.